ஏஐ வந்தபின் பாடம் நடத்துவது எப்படி: தமிழ்வழி ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-ஆம் தேதி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் பள்ளிக்கூடத்தில் முதலில் ஆட்டம் கண்டது வீட்டுப்பாட நோட்டுதான். கட்டுரையா, கணக்கா, செயல்திட்டமா, எதைக் கொடுத்தாலும் மறுநாள் காலையில் அச்சடித்ததுபோல வந்துவிடுகிறது. பாடம் நடத்தும் முறையும் பாடத்திட்டமும் மாற வேண்டும் என்ற பேச்சு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்வழியில் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கானது. கையில் ஒரு ஸ்மார்ட்போன், ஓரளவு இணையம், முடிந்தால் பள்ளியின் ஹைடெக் லேப் இருந்தால் போதும். வரிசை முக்கியம். ஏஐ முதலில் ஆசிரியரின் மேசைக்கு வரட்டும். அடுத்து வீட்டுப்பாடமும் மதிப்பீடும் மாறட்டும். மாணவர் கைக்குப் போவது அதற்கும் பிறகு. பல பள்ளிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. லேபில் ஒரு நாள் செயலியைத் திறந்து காட்டுகிறார்கள், பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள், அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் அதே பழைய வீட்டுப்பாடத்துக்கு ஏஐ எழுதிய விடை வந்து நிற்கிறது.

படி 1: பாடப் பகுதியைப் படிக்கும் நிலைக்குக் கொண்டுவருதல்

“பத்தாம் வகுப்பு இயக்க விதிகள் பாடத்துக்குப் பாடக்குறிப்பு கொடு” என்று வெறுமனே கேட்டால், உங்கள் பாடநூலில் இல்லாத ஒன்றைத்தான் ஏஐ எழுதும். எந்தப் பக்கத்தில் எந்தச் சோதனை இருக்கிறது, எது பாடத்திட்டத்துக்கு வெளியே என்பதெல்லாம் அதற்கு உறுதியாகத் தெரியாது. பாடப் பகுதியை நாம்தான் கொடுக்க வேண்டும்.

இங்கே முதல் முட்டுக்கட்டை எழுத்துரு. பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கான குறியீடு. அப்படியே ஒட்டினால் ஏஐக்குப் போவது குப்பை. அதைவிட மோசம், அந்தக் குப்பையைப் பார்த்தும் அது “புரிந்தது” என்று சொல்லிவிட்டு ஏதாவது எழுதிவிடும். பல பிடிஎஃப்களிலும் இதே சிக்கல். சோதிப்பது எளிது: பிடிஎஃப்பிலிருந்து இரண்டு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது யூனிகோட் என்னும் பொதுக் குறியீடு, பயன்படுத்தலாம். கோணல்மாணலாக வந்தால் எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடாக்குங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் பக்கத்தைப் படம் பிடித்து கூகுள் லென்ஸ் வழியாக எழுத்தை எடுங்கள்.

லென்ஸ் எடுத்ததை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறும். ‘ன, ண’ குழம்பும். சமன்பாடுகளில் மேற்குறி கீழே இறங்கி 10² என்பது 102 ஆகிவிடும். கணக்கு, இயற்பியல், வேதியியல் ஆசிரியர்கள் சமன்பாடுகளைக் கையால் தட்டிவிடுவதே மேல்.

ஒரு தடவைக்கு மூன்று நான்கு பக்கம் போதும். ஒரு முழு அலகையும் ஒரே உரையாடலில் கொட்டினால் நடுப்பகுதியை விட்டுவிட்டு முன்னும் பின்னுமாகவே எழுதக்கூடும். அலகு முழுவதும் வேண்டுமென்றால் பிடிஎஃப்பை ஏற்றி, அதிலிருந்து மட்டும் விடை சொல்லும் கூகுளின் நோட்புக்எல்எம் போன்ற கருவி பொருந்தும். எந்தப் பத்தியிலிருந்து எடுத்தது என்று அது காட்டுவதால் சரிபார்ப்பதும் சுலபம்.

படி 2: சொற்பட்டியல்

தமிழ்வழி ஆசிரியர்களை அதிகம் ஏமாற்றும் இடம் இது. ஏஐ படித்த தமிழில் தமிழ்நாட்டுப் பாடநூல் தமிழும் இருக்கிறது, இலங்கைப் பாடநூல் தமிழும் இருக்கிறது. இரண்டும் செம்மையான கலைச்சொல் மரபுகள். ஆனால் ஒரே பாடக்குறிப்பில் கலந்தால் மாணவர் தொலைந்துபோவார்.

நாம் முடுக்கம் என்பதை அங்கே ஆர்முடுகல் என்பார்கள். நம் நிலைமம் அங்கே சடத்துவம். ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு ஆகும். செல் கலமாகும், ஆக்சிஜன் ஒட்சிசன் ஆகும். இவற்றைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். ஆபத்து, ஒரே சொல் இரு இடத்திலும் வேறு பொருளில் வரும்போதுதான். தமிழ்நாட்டில் நிறை என்றால் கிலோகிராமில் அளப்பது, எடை என்றால் நியூட்டனில் அளப்பது. இலங்கையில் முதலாவது திணிவு, இரண்டாவதுதான் நிறை. அதேபோல நம் திசைவேகம் அங்கே வேகம், நம் வேகம் அங்கே கதி. “பொருளின் நிறை 50 நியூட்டன்” என்று ஏஐ எழுதினால், யாழ்ப்பாணத்தில் அது சரி, மதுரையில் தவறு. வாக்கியம் சரளமாக இருப்பதால் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆகவே ஒவ்வோர் அலகுக்கும் 30 முதல் 40 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். பாடநூலின் இறுதியில் கலைச்சொற்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பட்டியலில் இரண்டு நெடுவரிசை போதும்: பயன்படுத்த வேண்டிய சொல், பயன்படுத்தக் கூடாத சொல். இதைக் கைப்பேசிக் குறிப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புது உரையாடலின் தொடக்கத்திலும் ஒட்டுங்கள். நேற்று ஒட்டினோமே என்று விட்டால், புது உரையாடலில் அது மறந்து போயிருக்கும்.

படி 3: பாடக்குறிப்பு எழுதவைத்தல்

ஏஐக்கு நாம் தட்டிக் கொடுக்கும் கட்டளையில் (பிராம்ப்ட்) ஆறு பகுதி இருக்க வேண்டும்: வகுப்பும் பாடவேளை நேரமும், பாடப்பகுதி, கற்றல் விளைவு, மாணவருக்கு முன்பே தெரிந்தது, கையிலுள்ள பொருள்கள், வேண்டிய வடிவம். மாதிரி இது:

“பத்தாம் வகுப்பு, தமிழ்வழி, 42 மாணவர்கள், 40 நிமிடப் பாடவேளை. கீழே ஒட்டியுள்ள பாடப்பகுதியை மட்டும் அடிப்படையாகக் கொள். கற்றல் விளைவு: நியூட்டனின் இரண்டாம் விதியைக் கொண்டு விசையைக் கணக்கிடுவர். நிறை, முடுக்கம் ஆகியவை முன்பே தெரியும், உந்தம் புதிது. கையில் இருப்பவை: ஒரு கிரிக்கெட் பந்து, ஒரு டென்னிஸ் பந்து, அளவுகோல், கரும்பலகை. புரொஜெக்டர் இல்லை. நிமிட வாரியாகப் பிரி. ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் கேட்கும் ஒரு கேள்வி, மாணவர் சொல்லக்கூடிய தவறான விடை, அதற்கு ஆசிரியர் கேட்கும் அடுத்த கேள்வி ஆகிய மூன்றும் வேண்டும். கீழுள்ள சொற்பட்டியலைப் பின்பற்று.”

‘புரொஜெக்டர் இல்லை’ என்று சொல்லாவிட்டால் காணொலி போடச் சொல்லும். மாணவர் எண்ணிக்கை சொல்லாவிட்டால் நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து நிமிடம் பேச நேரம் கொடுக்கும். 42 பேருக்கு அது 11 குழு, 55 நிமிடம். மணி அடித்து அடுத்த ஆசிரியர் வாசலில் நிற்பார். நேரக் கணக்கில் ஏஐ எப்போதுமே தாராள மனசு. அது 5 நிமிடம் என்றால் 8 நிமிடம் என்று வைத்துக்கொண்டு, கடைசிக் கட்டம் ஒன்றை வெட்டிவிடுங்கள்.

கட்டளையின் உயிர் “மாணவர் சொல்லக்கூடிய தவறான விடை” என்ற பகுதிதான். பாடத்தை விளக்குவது ஆசிரியருக்கு ஏற்கெனவே கைவந்த கலை. அதற்கு ஏஐ தேவையில்லை. ஒரு கருத்தைப் பிள்ளைகள் எத்தனை விதமாகத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று பட்டியல் போடுவதில்தான் அது உண்மையாகவே உதவுகிறது. பத்து கேட்டால் நான்கு தேறும். புதிதாகப் பணிக்கு வந்த ஆசிரியருக்கு அந்த நான்கும் பெரிய லாபம்.

படி 4: வினாத்தாள்

பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வு முறையை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா 12. இரண்டு மதிப்பெண் வினா பத்தில் ஏழு. நான்கு மதிப்பெண் வினா பத்தில் ஏழு. ஏழு மதிப்பெண் வினா மூன்று, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. 12 + 14 + 28 + 21, மொத்தம் 75.

முழுத்தாளையும் ஒரே கட்டளையில் கேட்காதீர்கள். எண்ணிக்கை பிசகும். இரண்டு மதிப்பெண்ணில் கேட்டதே நான்கு மதிப்பெண்ணிலும் வரும். ஒரு மதிப்பெண் வினாவின் விடை இன்னொரு வினாவின் வாக்கியத்திலேயே கிடக்கும். முதலில் ப்ளூபிரிண்டை நீங்கள் ஒரு தாளில் போடுங்கள்: எந்த அலகிலிருந்து எத்தனை, அவற்றில் நினைவு எத்தனை, புரிதல் எத்தனை, பயன்பாடு எத்தனை. பிறகு பிரிவு பிரிவாகக் கேளுங்கள். தேவையைவிட இரு மடங்கு கேட்டுப் பாதியைத் தள்ளிவிடுவது நல்ல பழக்கம்.

ஒரு மதிப்பெண் வினாவில் தவறான விடைகள்தான் தரத்தைக் காட்டும். சும்மா விட்டால் சரியான விடை நான்கில் நீளமானதாக இருக்கும். மற்ற மூன்றும் யாரும் தேர்ந்தெடுக்காத அசட்டு விடைகளாக இருக்கும். ‘ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட பிழையால் வருவதாக இருக்கட்டும், அந்தப் பிழையையும் எழுது’ என்று கேளுங்கள். எடுத்துக்காட்டாக:

5 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் திசைவேகம் 2 வினாடியில் விநாடிக்கு 10 மீட்டரிலிருந்து 20 மீட்டராக மாறுகிறது. செயல்பட்ட விசை எவ்வளவு? (அ) 25 நியூட்டன் (ஆ) 50 நியூட்டன் (இ) 75 நியூட்டன் (ஈ) 100 நியூட்டன்

விடை 25. ஐம்பதைத் தேர்ந்தவர் உந்த மாற்றத்தோடு நின்றுவிட்டார், நேரத்தால் வகுக்கவில்லை. எழுபத்தைந்து என்பவர் திசைவேகங்களைக் கழிக்காமல் கூட்டியிருக்கிறார். நூறு என்பவர் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டார். தாள் திருத்தும்போதே எந்த மாணவருக்கு எதை மீண்டும் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிடும். (அச்சுக்குப் போகும் முன் விடைகளின் வரிசையைக் கலைத்துவிடுங்கள்.)

எண்கணக்குகள் அனைத்தையும் விடைக்குறிப்பைப் பார்க்காமல் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். விடைக்குறிப்பைப் பார்த்தபடி சரிபார்த்தால் அதன் தடத்திலேயே நம் மனமும் போய்விடும். வழியில் கூட்டல் தவறியிருந்தாலும் “ஆமாம்” என்று தலையாட்டிவிடுவோம்.

தமிழாசிரியர் கவனிக்க வேண்டியவை

தமிழ்ப் பாடத்தில் ஏஐயின் பலவீனம் வேறு வகை. அது எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. உரையைத் துண்டு துண்டாக வெட்டிப் படிக்கிறது. அந்தத் துண்டு தமிழ் எழுத்தின் எல்லையில் முறியும் என்ற உறுதி இல்லை. ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறியீடு, கணினிச் சேமிப்பில் ஆறு பைட்டு. குறில், நெடில், ஒற்று என்று எண்ண வேண்டிய அசையும் சீரும் தளையும் அதற்குத் தடுமாற்றமாக இருப்பதன் காரணம் இதுதான்.

சோதித்துப் பார்க்க, 391-ஆம் குறளைக் கொடுத்து அலகிடச் சொல்லுங்கள். “கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக”: தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம், தேமா, புளிமா, மலர். இதில் ‘கசடற’வை நேரசையில் தொடங்கினாலோ, ஈற்றுச்சீர் ‘தக’வுக்கு நாள் என்று வாய்பாடு சொன்னாலோ, அந்தச் செயலியை யாப்பு வினாவுக்கு நம்ப வேண்டாம். இந்தக் குறளைச் சரியாகச் சொல்லிவிட்டது என்பதும் சான்றாகாது. எங்கும் கிடைக்கும் குறளாதலால் விடையை மனப்பாடமாகவே வைத்திருக்கலாம். நீங்கள் புதிதாக எழுதிய வெண்பா வரி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

மேற்கோள்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். குறள் எண்ணை மாற்றிச் சொல்லும், இரண்டு குறள்களை வெட்டி ஒட்டும், சில நேரம் குறள்போலவே ஒலிக்கும் ஒன்றைத் தானே கட்டிக் கொடுக்கும். சங்கப் பாடல் என்றால் நிலைமை இன்னும் மோசம். விதி எளியது: பாடல் வரியும் எண்ணும் நூலிலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுப்பவையாக இருக்கட்டும். அதன்மேல் வினா எழுதுவது, எளிய உரைநடையாக்குவது, விவாதத் தலைப்பு யோசிப்பது ஆகியவற்றுக்கு மட்டும் ஏஐயை வையுங்கள்.

படி 5: ஒரே பாடம், மூன்று நிலை

ஒரே வகுப்பில் சரளமாகப் படிப்பவரும் எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று நிலையில் பயிற்சித்தாள் கையால் எழுதி முடிக்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். ஏஐயோடு அரை மணி நேரம்.

மெல்லக் கற்போருக்கான வடிவத்துக்கு அளவு சொல்லிக் கேளுங்கள்: ஒரு வாக்கியத்தில் எட்டுச் சொல்லுக்கு மேல் கூடாது, ஒரு பத்தியில் நான்கு வாக்கியம், புதிய கலைச்சொல் ஐந்துக்குள், ஒவ்வொரு பத்திக்கும் கீழே ஒரு ‘சரியா தவறா’ வினா. வெறுமனே “எளிமையாக்கு” என்றால் கலைச்சொல்லைத் தூக்கிவிட்டுப் பேச்சுச்சொல்லை வைக்கும். தேர்வில் அந்தக் கலைச்சொல்தான் வரும் என்பதால் பிள்ளைக்கு நட்டம். கலைச்சொல் அப்படியே இருக்கட்டும், சுற்றியுள்ள வாக்கியம் எளிதாகட்டும்.

இரண்டாம் நிலை பாடநூல் நிலை. மூன்றாம் நிலைக்குக் கணக்கின் எண்ணை மட்டும் பெரிதாக்கி ‘கடினம்’ என்று பெயர் வைக்கும் பழக்கம் ஏஐக்கு உண்டு. ‘தேவையில்லாத ஒரு தகவலைச் சேர்’ அல்லது ‘விடையைக் கொடுத்து வினாவைக் கட்டச் சொல்’ என்று கேட்டால் உண்மையிலேயே யோசிக்கவைக்கும்.

படி 6: வீட்டுப்பாடத்தை மாற்றுதல்

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2024-இல் முடிவு வெளியானது. சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவியைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு கூடுதலாகச் சரிசெய்தார்கள். கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு தேர்வு வைத்தபோது, அது கிடைக்காத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கொடுத்த கருவியில் ஆசிரியர்கள் எழுதிய விடைகளும் வழக்கமான பிழைகளும் முன்பே சேர்க்கப்பட்டிருந்தன. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கவும் அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தக் குழு பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேறியது, தேர்விலும் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

பயிற்சி நோட்டில் விடை சரியாக இருப்பது இனி கற்றலுக்குச் சான்றாகாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எழுதி வருவதற்கு 10 மதிப்பெண் என்பதை 3 ஆக்குங்கள். எழுதியதைப் பற்றிப் பேசுவதற்கும் வகுப்பில் அதே வகைக் கணக்கு ஒன்றைப் போடுவதற்கும் 7 வையுங்கள். 42 பேரையும் தினமும் கேட்க முடியாது. நாளுக்கு 5 பேர், ஆளுக்கு 2 நிமிடம், யார் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. ஒன்பது வேலைநாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

வீட்டுப்பாடத் தலைப்பையே மாற்றலாம். ‘நீர் மாசுபாடு பற்றிக் கட்டுரை’ என்றால் ஏஐக்குப் பத்து நொடி வேலை. ‘உங்கள் தெருக்குழாயில் மூன்று நாள் தண்ணீர் வந்த நேரம், ஒரு குடம் நிரம்ப ஆன வினாடிகள், இரண்டையும் அட்டவணையாக்கி, வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கிடைக்கிறது என்று கணக்கிடு’ என்றால் குழாயடிக்குப் போயாக வேண்டும். எண்களைக் கற்பனையாக எழுதுபவரும் இருப்பார். பக்கத்து வீட்டு மாணவரின் எண்ணோடு வைத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும்.

மூன்றாவது வழி, ஏஐ எழுதியதையே பாடமாக்குவது. பாடப்பகுதி பற்றி ஏஐயிடம் 150 சொல் பத்தி ஒன்று வாங்குங்கள். அதில் நீங்கள் மூன்று பிழையைச் செருகுங்கள்: ஓர் எண், ஒரு கலைச்சொல், ஒரு காரணம். கரும்பலகையில் எழுதிப்போட்டு, பாடநூலைத் திறந்து பிழை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்ற ஆதாரத்தோடுதான் விடை சொல்ல வேண்டும். வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவும் இதைக் கணக்கில் வைக்கலாம். நீங்கள் செருகாத நான்காவது பிழை ஒன்றைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பதும் நடக்கும். அன்று வகுப்பே களைகட்டிவிடும்.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பலாமா?

வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படியொரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை ஏஐ என்று குற்றம் சாட்டியது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் எடுத்துவிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகள் 91-ஐ ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளில் ஓட்டிப் பார்த்தபோது, சராசரியாக 61 விழுக்காடு ஏஐ எழுதியதாக வந்தது. அத்தனையும் மனிதர்கள் எழுதியவை. எளிய சொற்களும் ஒரே மாதிரி வாக்கியங்களும்தான் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரையும் அந்த வகைதான்.

சந்தேகம் வந்தால் மாணவரைத் தனியாக அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? இரண்டாம் பத்தியை ஏன் இங்கே வைத்தாய்? இதற்கு எதிராக ஒருவர் என்ன சொல்லக்கூடும்? தானே எழுதியவர் திக்கித் திணறியாவது சொல்லிவிடுவார். சொல்ல முடியாவிட்டால் அதே தலைப்பில் வகுப்பில் அரைப்பக்கம் எழுதவைத்து அதற்கு மதிப்பெண் கொடுங்கள். எல்லோர் முன்னும் ‘காப்பி’ என்று சொல்லி அவமானப்படுத்துவதால் அடுத்த முறை ஒளிக்கும் திறமைதான் வளரும்.

படி 7: விடைத்தாள் திருத்தம்

விடைத்தாளைப் படம் பிடித்துப் போட்டு மதிப்பெண் கேட்கும் பழக்கம் பரவிவருகிறது. தமிழ்க் கையெழுத்தை, அதுவும் பந்துமுனைப் பேனாவில் அவசரமாக எழுதியதை, ஏஐ பல நேரம் சரியாகப் படிப்பதில்லை. படிக்க முடியாத இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிவிடும். அது பெரும்பாலும் சரியான விடையாகவே இருக்கும். மாணவர் எழுதாததற்கு மதிப்பெண் விழும். ஒரே தாளை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு மதிப்பெண் வரும் வேடிக்கையும் உண்டு.

மதிப்பெண் உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஏஐக்கு இரண்டு வேலை கொடுக்கலாம். ஒன்று, திருத்தும் முன்: ஏழு மதிப்பெண் வினாவைக் கொடுத்து, எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண், படம் மட்டும் வரைந்தால் எத்தனை, அலகு விட்டுப்போனால் எவ்வளவு குறைப்பது என்று விடைக்குறிப்பு தயாரித்துத் தரச் சொல்வது. இரண்டு, திருத்திய பின்: எந்த வினாவில் எத்தனை பேர் என்ன பிழை செய்தார்கள் என்று பெயரில்லாமல் பட்டியலிட்டுக் கொடுத்து, மறுநாள் 15 நிமிடத்தில் எதை மீண்டும் நடத்துவது என்று யோசனை கேட்பது.

‘பெயரில்லாமல்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மாணவர் பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் தகவல் தளத்தில் மாணவருக்குள்ள எண்), ஆதார், பெற்றோர் கைப்பேசி எண், சாதி, உடல்நலக் குறைபாடு, புகைப்படம் ஆகிய எதையும் இந்தச் செயலிகளில் ஏற்றாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு தேவை என்கிறது. மதிப்பெண் பட்டியலை ஏற்ற வேண்டுமென்றால் பெயர் நெடுவரிசையை அழித்துவிட்டு மா1, மா2 என்று போடுங்கள். வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணும் வேண்டாம், அதிலிருந்து பெயரைப் பிடித்துவிடலாம்.

படி 8: மாணவர் கைக்கு

வகுப்பறையில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தபட்ச வயது 13 என்று யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. சாட்ஜிபிடியின் விதிமுறையும் 13 என்கிறது. 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். ஆகவே ஆறு, ஏழாம் வகுப்புகளில் கருவியை ஆசிரியர் மட்டும் இயக்கி ஸ்மார்ட் போர்டில் காட்டினால் போதும். எட்டாம் வகுப்பு முதல், 13 வயது நிறைந்தவர்களுக்கு, ஹைடெக் லேபில், ஆசிரியர் முன்னிலையில்.

மாணவர் பயன்படுத்தும்போது கட்டளையை நீங்கள் எழுதிக்கொடுங்கள்: “நீ என் கணித ஆசிரியர். நான் கேட்கும் கணக்குக்கு விடையையோ முழு வழிமுறையையோ சொல்லாதே. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேள். நான் தவறினால், எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல். நான் மூன்று முறை முயன்ற பிறகே ஒரு குறிப்புக் கொடு.” பத்துப் பரிமாற்றத்துக்குப் பிறகு ஏஐ இந்த விதியை மறந்து விடையை உளறிவிடும். “விடையைச் சொல்லு, நாளைக்கு டெஸ்ட்” என்று பிள்ளை கெஞ்சினால் இன்னும் சீக்கிரம். கணக்குக்கு ஒரு புது உரையாடல் என்று வைத்தால் ஓரளவு தாங்கும்.

பாடத்திட்டத்தில் எங்கே சேர்ப்பது?

சிபிஎஸ்இ 2019-20 முதலே செயற்கை நுண்ணறிவைத் தனி விருப்பப்பாடமாக வைத்திருக்கிறது. யுனெஸ்கோ 2024-இல் மாணவர்களுக்கு 12 திறன்கள், ஆசிரியர்களுக்கு 15 திறன்கள் கொண்ட சட்டகங்களை வெளியிட்டது. தனிப்பாடம் வரட்டும், நல்லதுதான். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இருக்கிற பாடங்களிலேயே இடம் இருக்கிறது. கணிதத்தில் நிகழ்தகவு, உயிரியலில் வகைப்பாட்டியல், சமூக அறிவியலில் சான்றுகளை ஒப்பிடுதல், தமிழில் கட்டுரையைச் செப்பனிடுதல். ஒவ்வொன்றிலும் ஒரு பாடவேளை எடுத்தால் ஆண்டுக்கு ஆறு ஏழு வகுப்பு தேறும்.

கணினியே இல்லாமல் ஏஐ எப்படி இயங்குகிறது என்று காட்டும் 40 நிமிட வகுப்பு ஒன்று:

முதலில் ஆளுக்கு மூன்று துண்டுத்தாள் கொடுங்கள். கரும்பலகையில் “ஆடிப்பட்டம் தேடி ___” என்று எழுதுங்கள். பார்க்காமல் ஆளுக்கு ஒரு சொல். பழமொழி தெரிந்த அத்தனை பேரும் ‘விதை’ என்றே எழுதியிருப்பார்கள். இரண்டாவது “நேற்று மாலை நான் ___”. இதற்கு வீட்டில், கடைக்கு, விளையாடினேன், தூங்கினேன் என்று பல வரும். எண்ணிக்கையைக் கரும்பலகையில் அட்டவணையாக்கி, ஒவ்வொன்றையும் 42-ஆல் வகுத்து நிகழ்தகவு எழுதவையுங்கள். அதிக நிகழ்தகவுள்ள சொல்லை வைத்து வாக்கியத்தை நீட்டி, மறுபடி அடுத்த சொல் கேளுங்கள். ஏஐ அடுத்த சொல்லைத் தேர்வது இந்த வேலையின் மிகப் பெரிய வடிவம்.

மூன்றாவதாக “1400-ஆவது திருக்குறளின் முதல் சொல் ___”. பாதிப்பேர் ஏதோ ஒரு சொல்லை எழுதிவிடுவார்கள். குறள் மொத்தம் 1330 என்று யாராவது எழுந்து சொல்லும்வரை காத்திருங்கள். கோடிட்ட இடத்தைப் பார்த்தால் நிரப்பத் தோன்றுகிறது. ஏஐ இல்லாததைச் சொல்வதும் இப்படித்தான் என்று இங்கே சொன்னால் ஆண்டு முழுதும் மறக்காது. ஒருவரும் ஏமாறாத வகுப்பும் உண்டு. அப்படியானால் “ஏன் யாரும் நிரப்பவில்லை?” என்று கேட்டு, தெரியாது என்று சொல்வதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற திசையில் பேச்சைத் திருப்புங்கள்.

படி 9: பள்ளிக்கு ஒரு பக்க விதி

ஆசிரியருக்கு ஆசிரியர் விதி மாறினால் பிள்ளைகள் குழம்புவார்கள். எல்லாப் பாடத்துக்கும் பொதுவாக மூன்று குறி போதும். கொடுக்கும் வேலையின் தலையில் சிவப்பு வட்டம் இருந்தால் ஏஐ கூடாது. மஞ்சள் என்றால் யோசனை கேட்கலாம், எழுத்து உன்னுடையது. பச்சை என்றால் தாராளமாக. மஞ்சளிலும் பச்சையிலும் கீழே மூன்று வரி எழுத வேண்டும்: எந்தச் செயலி, என்ன கேட்டாய், வந்ததில் எதை மாற்றினாய். மூன்றாவது வரி காலியாக இருந்தால் தாள் திரும்பிப் போகும்.

வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகள், அப்பா இரவு பத்து மணிக்கு வந்தால்தான் போன் கிடைக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஆகவே பச்சை வட்டம் போட்ட வேலை எதையும் வீட்டுக்குக் கொடுக்காமல் லேப் நேரத்திலேயே முடிக்கவையுங்கள்.

ஆசிரியர் அறையில் ஒரு பொது நோட்டு வையுங்கள். ஏஐ செய்த பிழை, எந்தப் பாடம், எப்படிப் பிடிபட்டது என்று தேதியோடு இரண்டு வரி. ஒரு பருவத்தில் முப்பது நாற்பது பதிவு சேரும். அதிலிருந்து சொற்பட்டியலையும் கட்டளைகளையும் திருத்திக்கொள்ளலாம். செயலி புதிய பதிப்புக்கு மாறும்போதும் பாடநூல் மாறும்போதும் பழைய கட்டளை அதே விடையைத் தராது. நோட்டில் உள்ள பத்துப் பிழைகளை எடுத்து மறுபடி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஆண்டின் முதல் பாடக்குறிப்பைத் தொடங்க வேண்டும்.